உன் அக்காவின் மூக்கும் என் புட்டிகளும்

பிடுங்கிய பற்களால் பெயர் வாங்கிய பல் மருத்துவரும், என் மனைவிக்கு ஒரே தம்பியுமாகிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். உன் அக்காவும், மூக்கு ஒன்று நீங்கலாக, நலம். அங்கே நீயும் உன் மனைவியும், உன்னிடம் வருகிறவர்களின் வாயில் இன்னும் மிச்சமிருக்கும் பற்களும் நலமா என்று அறிய ஆவல்.

போனில் சொல்லக்கூடாதா, இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீ கேட்பாய். நான் போனை எடுத்தால் போதும், உன் அக்கா எந்த அறையில் இருந்தாலும் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். அவளுக்குப் போனது மூக்குதானே ஒழிய காது இல்லை. அதனால் அவள் மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரமாகப் பார்த்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் வயதின் மேல் பழி போடாதே, பயத்தின் மேல் போடு.

மழைக்கால ஆரம்பத்தில் அவளுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். காய்ச்சல் போனது. போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால் காபியால் தெரிந்தது. ஒரு நாள் காபியில் பால் திரிந்திருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தபடியே குடித்தேன். மறுநாளும் திரிந்திருந்தது. சரி, பெரிய தப்பாகத்தான் இருக்கும் என்று அதையும் குடித்தேன். நாலைந்து நாள் இப்படியே போக, வயிறு தாங்காமல், எதற்கென்றே தெரியாமல் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தம்ளரை வாங்கி மூக்கருகில் கொண்டுபோய், மறுபடி மறுபடி இழுத்து முகர்ந்து, "எனக்கு எந்த வாசனையும் தெரியலைங்க. திரிஞ்சிருந்தா நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது உன் அப்பா போனதற்குப் பிறகு அன்றுதான்.

அதற்கடுத்து நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. நூலகத்திலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன், வீடு முழுக்க அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். காஸ் அடுப்பின் குமிழ் திறந்திருக்கிறது, தீ அணைந்திருக்கிறது, உன் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி, "ஏன் இப்படி ஓடி வர்றீங்க?" என்று சாவகாசமாகக் கேட்கிறாள். அடுப்பை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அவளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். போனதும், வாத்தியார் புத்தி எங்கே போகும், கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். காஸுக்கென்று சொந்த வாசனையே கிடையாது; நாம் முகம் சுளிப்பதெல்லாம் அதில் வேண்டுமென்றே கலக்கும் மெர்காப்டன் என்ற சரக்கைப் பார்த்துத்தான்; எங்கோ ஒரு நாட்டில் பள்ளிக்கூடம் ஒன்றின் அடியில் காஸ் யாருக்கும் தெரியாமல் கசிந்து நிறைந்து, பிள்ளைகளோடு கட்டடமே வெடித்துப் போன பிறகுதான், இனிமேல் காஸ் நாறியே தீரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நைட்டியோடு தெருவில் நின்று கேட்டவள், "அந்தப் பிள்ளைங்களுக்கு மூக்கு இருந்துச்சு, வாசனை இல்ல. இங்க வாசனை இருக்கு, மூக்கு இல்ல" என்றாள். அப்புறம் வெகுநேரம் வீட்டுக்குள் வரவே மாட்டேன் என்று நின்றாள். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது, மைத்துனா.

மூக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் விளக்கை அடித்து உள்ளே பார்த்துவிட்டு, "திரும்பி வரலாம், வராமலும் போகலாம். நாளாக ஆக நம்பிக்கை குறையும். மறந்த பாடத்தைத் திரும்பப் படிக்கிற மாதிரி மூக்குக்குப் பயிற்சி கொடுங்க. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம், நாலையும் காலையில சாயங்காலம் முகரச் சொல்லுங்க" என்றார். நாலுதானா என்று கேட்டேன். வாழ்நாளெல்லாம் வேதியியல் நடத்தியவனிடம் வந்து நாலு புட்டி என்றால் எனக்கும் மானம் ரோஷம் இருக்காதா? அவர் சிரித்து, "அது உங்க இஷ்டம் சார்" என்றார். அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லியிருக்கவே கூடாது என்று உன் அக்கா இன்றுவரை சொல்கிறாள். வீட்டுச் செருப்பு அலமாரியை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. செருப்பெல்லாம் வெளியே, உள்ளே வினிகர், வெனிலா, டர்பென்டைன், அந்துருண்டை, பாலிஷ், பேனா மை என்று வரிசையாகப் புட்டிகள், ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே சீட்டு.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், நான் இந்த மூக்கை நம்பி வாழ்ந்தவன். நீ அப்போது அரைக்கால்சட்டை, உனக்கு இது தெரிந்திருக்காது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு பொட்டலத்தில் பெயர் தெரியாத உப்பைக் கொடுப்பார்கள். சுட்டும் கரைத்தும் அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தி போட்டு எழுதவேண்டும். காண்பன பத்தியை என்னைப்போல் எழுத வகுப்பில் ஆள் கிடையாது. நிறம், புகை, படிவு, எதையும் விடமாட்டேன். அறிவன பத்திக்கு வரும்போதுதான் எல்லாம் குட்டிச்சுவராகும். எதிர் மேசையில் நின்ற ஒரு பெண், என் சோதனைக் குழாயின் மேல் காற்றை ஒரு விசிறு விசிறி முகர்ந்து, "அசிடேட். வினிகர் வாடை வருதே, தெரியல?" என்பாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்படி அந்த மூக்கால் பாஸானவன்தான் பின்னாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஃபெயிலாக்கினேன்.

ஒரு நாள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுக் கருவியின் திருகை மூடாமல், தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கட்டடமே காலி. முதல்வர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோரும் மைதானத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே போக யாருக்கும் துணிச்சல் இல்லை, எனக்கு இல்லவே இல்லை. அவள்தான் ஓர் ஊதாக் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி ஓடிப்போய்த் திருகை மூடிவிட்டு வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்து, "யோவ் கந்தகம், தேநீர் நல்லா இருந்துச்சா?" என்றாள். மைதானமே சிரித்தது. கந்தகத்துக்கு உண்மையில் நாற்றமே கிடையாது, நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு, எனவே பெயர் அறிவியல்படி தவறு என்று நான் ஆட்சேபித்தேன். "அவ்வளவு நீளமா எல்லாம் கூப்பிட முடியாது" என்றாள். மறுநாள் அவளிடம் பேச விஷயம் வேண்டுமே என்று அந்தக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாணவன் விடுமுறையில் தன் வீட்டிலேயே, மலேரியாவுக்கான க்வினைனைத் தாரிலிருந்து செய்யப்போய், கறுப்புச் சேறுதான் கிடைத்தது; குடுவையைக் கழுவும்போது அதுவே அழகான ஊதாச் சாயமாகி, அந்த நிறத்துக்கு உலகமே பைத்தியம் பிடித்தது என்று சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நான் அவளுக்குச் சொன்ன முதல் கதை அது.

உன் அப்பாவிடம் பெண் கேட்க வந்த அன்றும் கதைதான் கைகொடுத்தது. சைக்கிள் கடையில், டயர் மாலைகளுக்கு நடுவே, ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் பாட்டுக்கு, முந்தைய காலத்தில் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் உடையும், ஒருத்தர் கந்தகம் கலந்த ரப்பரைத் தவறிச் சூடான அடுப்பில் போட்ட பிறகுதான் அது உறுதியானது, இந்த டயரெல்லாம் அப்படி வந்ததுதான் என்று உளறிக்கொட்டினேன். என் பட்டப்பெயரை நீதான் ஏற்கெனவே போட்டுக்கொடுத்திருந்தாயே. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்போ கந்தகம் சேந்தாத்தான் ரப்பர் உருப்படும்னு சொல்றீங்க. சரி, சேத்துடுவோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. உன் அக்கா வளர்ந்ததே அந்த ரப்பர் வாசனையில்தான்.

பெயர் நிலைத்துவிட்டது. தோல் அரிப்புக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த கந்தக சோப்பை அரிப்பு போன பிறகும் நான் விடவில்லை. அவள் வைத்த பெயருக்கு ஒரு மரியாதை. நான் பள்ளியிலிருந்து வந்து வாசல்படியில் கால் வைக்கும் முன்பே சமையலறையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், "கந்தகம் வந்தாச்சு" என்பாள். வேலையில் இருந்த காலம் முழுக்க, ஓய்வு பெற்ற பின்பும், ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அது நின்றுபோயிற்று. இப்போது நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான், "யாரு?" என்று கேட்கிறாள். வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றாமல் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்க்கிறேன். அவளுக்கு ரோஜா தெரிய வேண்டாம், எலுமிச்சை தெரிய வேண்டாம், அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் மறுபடி கேட்டுவிட்டால் எனக்குப் போதும்.

பயிற்சி தினமும் சாயங்காலம் நடக்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதே ஊதாக் கைக்குட்டையால், இப்போது வெளுத்து என்ன நிறமென்றே தெரியாத கைக்குட்டையால், கண்ணைக் கட்டிக்கொள்வாள். நான் ஒரு புட்டியைத் திறந்து மூக்கருகில் பிடிப்பேன். "என்ன தெரியுது?" என்பேன். "ஒண்ணும் தெரியல. கதையைச் சொல்லுங்க" என்பாள். ஏதாவது சொல்ல வேண்டுமே. ஒரு நாள் புட்டிக்குப் பதில் சாக்கரின் மாத்திரை வைத்துச் சொன்னேன். தாரில் ஆராய்ச்சி செய்த ஒருவர் கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார, ரொட்டி தித்தித்ததாம். அப்படிக் கண்டுபிடித்ததுதான் சர்க்கரையில்லாத இந்த இனிப்பு. "கை கழுவாதவனுக்குப் புகழு, கழுவச் சொன்ன எனக்குத் திட்டு" என்றாள். உன் தொழிலையும் விடவில்லை. சிரிப்பு வாயுவைக் கேளிக்கையில் முகர்ந்த ஒருவன் காலில் அடிபட்டும் சிரித்துக்கொண்டிருந்ததைப் பல் டாக்டர் ஒருவர் பார்த்து, அதை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்ன கதையைச் சொன்னேன். "என் தம்பியோட பல்லை யாராவது பிடுங்கினா நானும் சிரிப்பேன்" என்றாள். கோபிக்காதே, அவள் காய்ச்சலுக்குப் பிறகு சிரித்ததே அன்றுதான்.

ஆனால் இந்தக் கதைகளால் வீட்டுக்கு வெளியே எனக்குக் கெட்ட பெயர். கீழ்வீட்டுத் தையற்காரரின் மனைவி நல்ல மனதோடு ஒரு கிண்ணம் நிறைய மல்லிகைப்பூ கொண்டுவந்து, "இதோட வாசனைக்குப் போன மூக்கே திரும்பி வந்துடும்க்கா" என்று மேசையில் வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். மல்லிகை வாசனையில் இன்டோல் என்று ஒன்று இருக்கிறது, கொஞ்சமாக இருந்தால் பூ, அதிகமானால் கழிவறை, இரண்டிலும் ஒரே சரக்குதான் என்று விளக்கினேன். அந்த அம்மாள் கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அதிலிருந்து என் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுத்தால் வாரக்கணக்கில் திரும்பி வருவதில்லை.

அடுத்து தேனீ. கேக் சாமான் கடையில் வாழைப்பழ எசென்ஸ் வாங்கினேன். காற்றோட்டமான இடத்தில் முகர்ந்தால் நல்லது என்று யாரோ சொன்னதால் அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு, கண்ணைக் கட்டி, புட்டியைத் திறந்தேன். மூடி இறுக்கமாக இருந்ததால் பாதி என் சட்டையில் கொட்டியது. பரவாயில்லை என்று கதையைத் தொடங்கினேன். ஐசோஅமைல் அசிடேட் என்ற இந்தச் சரக்கு இருக்கிறதே, இதைத்தான் தேனீயும் கொட்டும்போது வெளியே விடுகிறது. "இங்கே ஆபத்து, எல்லாரும் வந்து கொட்டுங்கள்" என்று கூட்டத்துக்கு அனுப்பும் செய்தி இந்த வாழைப்பழ வாசனைதான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறேன். தொட்டிக்கு அடியில் ஒரு தேன்கூடு தொங்குவது எனக்குத் தெரியும். போன மாதம் அதை அவளிடம் காட்டியவனே நான்தான். காண்பன பத்தி முழுசாகத் தயார், அறிவன மட்டும் வரவில்லை. வந்தபோது என் காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று, மூக்கு நுனியில் ஒன்று. அவளைப் படிக்குள் தள்ளிவிட்டு நானும் உருண்டு வந்தேன். குளியலறையில் வைத்து உன் அக்கா என் சட்டையைக் கழற்றி உதறினாள். உதறியவள் திடீரென்று அதை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வெறும் வீக்கம்தான் என்று நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னேன். என் மேல் இவ்வளவு பிரியம் என்று எனக்கே தெரியாது.

அதன் பிறகு நல்லது என்று சொல்ல ஒன்றிரண்டு இருக்கிறது. பால்காரர் திருந்திவிட்டார் போல, காபி ஒரு நாளும் திரிவதில்லை. என் காலுறைகளை நான் கேட்காமலே எடுத்து ஊறப்போடுகிறாள். கீழ்வீட்டில் மீன் வறுத்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள், கொசுவுக்காக இருக்கும். ஆனால் சாயங்காலம் கண்ணைக் கட்டி உட்கார்ந்தால் மட்டும் பழைய பல்லவிதான்: "ஒண்ணும் தெரியல. கதையைச் சொல்லுங்க." முன்பெல்லாம் புட்டியை நன்றாக இழுத்து முகர்ந்துவிட்டுச் சொல்வாள். இப்போது நான் மூடியைத் திருகும்போதே சொல்லிவிடுகிறாள். நம்பிக்கை விட்டுப்போயிற்று என்று நினைக்கிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து நான் செய்தித்தாளுக்குள்ளேயே குடியிருந்ததாக அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. இப்போது செய்தித்தாளைத் தொடுவதே இல்லை, முழு நேரமும் புட்டிதான், இருந்தும் பலன் இல்லை.

அலமாரியில் இன்னும் ஒரே ஒரு புட்டிக்குத்தான் இடம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் அப்பா கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ஒரு நசுங்கிய டின்னில் இருக்குமே, கடையை மூடியபோது மிச்சச் சாமான்களோடு அதையும் உன் வீட்டுப் பரணில் ஏற்றினோமே, அது இன்னும் இருக்கிறதா பார். காய்ந்து போயிருந்தாலும் பரவாயில்லை. இங்கே கடைகளில் கிடைப்பது அந்த வாசனையே இல்லை. எதற்கும் மசியாத மூக்கு உன் அப்பாவுக்கு மசியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்காவிடம் மூச்சு விடாதே. அதுவும் தெரியவில்லை என்றால் அவள் உடைந்துவிடுவாள், அதனால் கண்ணைக் கட்டியபடியே ஒரு தடவை காட்டிப் பார்த்துவிடுகிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் கையில் சிக்கும் கடைவாய்ப் பற்கள் அனைத்தும் முரண்டு பிடிக்காமல் வேரோடு வரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் கந்தகம் என்று அழைக்கப்பட்ட உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டி வைத்துவிட்டுத்தான் தபால்தலை வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போகிறேன். அக்கா கண்ணில் பட்டாலும் படிக்க முடியாது. இந்தப் பசைக்கும் ஒரு கதை உண்டு. ஒரு துணி ஆலையில் கஞ்சி போட வைத்திருந்த மாவுக் கிடங்கு தீப்பிடித்து, வறுபட்ட மாவில் தண்ணீர் பட்டபோது அது கையில் ஒட்டிக்கொண்டதாம், அப்படி வந்த பசை என்பார்கள். போன வாரம்தான் அவளுக்குச் சொன்னேன், ஆவி பட்டால் இளகிவிடும் என்பது உட்பட.

பி.கு.வுக்குப் பி.கு.: தம்பி, இளகத்தான் செய்கிறது. கொதிக்கும் தண்ணீரில் காட்டினேன், உறை வாயைத் திறந்துவிட்டது. உன் அத்தான் இந்நேரம் அந்த மாவுக் கிடங்கின் கதையைக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பார், அதனால் எனக்கு அவகாசம் இருக்கிறது.

காண்பன பத்தியை நன்றாக எழுதியிருக்கிறார். பால், காலுறை, மீன், எதையும் விடவில்லை. அறிவனதான் வழக்கம்போலத் தப்பு. எனக்கு மூக்கு திரும்பி வந்து நாளாகிறது. தேனீ கொட்டிய அன்று அவர் சட்டையை உதறும்போது முதலில் லேசாக வாழைப்பழம். ஏதோ நினைப்பு என்று விட்டுவிட்டேன். அதற்கு அடியில் கந்தக சோப்பு. அது நினைப்பு இல்லை. அழாமல் என்ன செய்வேன், சொல்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் புட்டியெல்லாம் குப்பைக்குப் போகும், இவர் செய்தித்தாளுக்குள் போவார். ஊரார் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொன்ன கதையெல்லாம் கேட்க எனக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் அந்த ஆய்வுக்கூடத்துக் குரல் அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் வயதாகவில்லை. விட மனசு வராமல் தினமும் ஒண்ணும் தெரியல என்று பொய் சொன்னேன். ஆனால் செருப்பைக் கழற்றாமல் இவர் வாசலில் நிற்பது அந்த ஒரு வார்த்தைக்காக என்று எனக்குத் தெரியாது, தம்பி. மூட்டு வலி என்று நினைத்து, தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். அறிவன பத்தியில் நானும் தப்புதான் எழுதியிருக்கிறேன்.

அப்பா கடை டின்னை மறக்காமல் அனுப்பு. அதை நானும் ஒரு தடவை முகர வேண்டும்.

உறையைத் திரும்ப ஒட்ட வேண்டும், நேரமில்லை. வாசல் கதவு இன்னும் திறக்கவில்லை, செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆனால் வந்துவிட்டார், தெரிகிறது. இங்கிருந்தே சொல்லப்போகிறேன்.